கவிழ்ந்த மங்கும் பன்னிரண்டு குஞ்சங்களும்

2023 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மணி 3.40. ஈப்போவில் மழை. மூன்றாவது நாளாக அதே மழை. எங்கள் கடை வாசலுக்குப் படி இரண்டுதான். முதல் படி ஏற்கெனவே தண்ணீரில் இருந்தது.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. தீபாவளி நெருக்கடிக்கு ஒரு வாரம் மட்டும் வந்து கை கொடு என்று கடை முதலாளி தவுக்கே கூப்பிட்டிருந்தார். அவர் சொல்லும் ஒரு வாரம் மூன்று வாரம் ஓடும் என்று தெரிந்தும் போனது என் புத்தி. பள்ளிக்கூடங்களுக்குக் கேடயம், கோயில்களுக்குப் பெயர்ப்பலகை, ஓய்வு பெறும் அதிகாரிகளுக்கு நினைவுப் பலகை. நீங்கள் இப்போது செய்யும் அதே வேலைதான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தவுக்கே கேட்டார். மரத்தையும் சாயத்தையும் பற்றி எழுத மாட்டேன். அவை இரண்டும் சொன்னபடி கேட்கும். சின்னம் கேட்டு வருகிற மனிதர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த 3.40க்கு உள்ளே வந்தவர் லாசர். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் மரம் வெட்டி, அதாவது பட்டை சீவிப் பால் இறக்கி, தோட்டத்தை விற்ற பிறகு லாரி ஓட்டி ஓய்ந்தவர். என்னைவிட நான்கு வயது இளையவர். தலையில் பிளாஸ்டிக் பை, சட்டைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை. உள்ளே இருந்ததை மேசையில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வணக்கம் சொன்னார்.

அவர்கள் தோட்டத்துப் பையன் ஒருவர் பாதிரியாராகி, இப்போது வெளியூரில் ஆயராகப் போகிறார். அதற்கு முன் சொந்த ஊர்ப் பங்குக் கோயிலில் ஒரு நன்றிப் பூசை, 18ஆம் தேதி சனிக்கிழமை மாலை. அதில் அவருடைய இலச்சினையை மூன்றடி உயரத்துக்கு மரத்தில் செதுக்கிப் பரிசளிக்க வேண்டும். ஃபாதரே கையால் வரைந்து, மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிய படம் இது. மழையில் சாயம் காயாது, நடுவில் தீபாவளிக்குக் கடை இரண்டு நாள் மூடல், இதையெல்லாம் சொன்னேன்.

"சூசாதான் அண்ணே, கஷ்டம்னு தெரியும் லா. அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்தேன்," என்றார்.

படம் நன்றாகவே இருந்தது. மேலே பச்சை நிறத்தில் அகன்ற விளிம்புத் தொப்பி. அதை இன்று எந்த ஆயரும் தலையில் வைப்பதில்லை, இலச்சினையில் மட்டும்தான் அது உயிரோடு இருக்கிறது. தொப்பியிலிருந்து இரு பக்கமும் தொங்கும் குஞ்சங்கள், ஒரு பக்கத்துக்கு ஆறு: மேலே ஒன்று, நடுவில் இரண்டு, கீழே மூன்று. கேடயத்துக்குப் பின்னால் ஒற்றைக் குறுக்குச் சட்டம் கொண்ட சிலுவை. கேடயத்தின் மேல் பாதி நீலம், அதில் மரியாளுக்குரிய பொன் நட்சத்திரம். கீழ்ப் பாதி பச்சை, அது தோட்டம். பச்சையின் நடுவே வெள்ளையாக ஒரு மங்கு. ரப்பர் மரத்தில் கம்பி வளையத்தில் வைத்துப் பால் பிடிப்போமே, அந்தக் கோப்பை. ஆனால் வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து வரைந்திருந்தார். அடியில் ரிப்பன். அதிலிருந்த லத்தீனுக்குப் பொருள் 'ஆயத்தமாயிரு'.

கூடவே ஒரு குறிப்பு. நட்சத்திரத்துக்கு விளக்கம் இருந்தது, நீலத்துக்கு இருந்தது, பச்சைக்கு இருந்தது. மங்குக்கு மட்டும் 'கவிழ்த்தது' என்று ஒரே சொல். ஏன் என்று இல்லை.

முதல் தொல்லை குஞ்சத்தில் வந்தது. பரிசுக்குப் பணம் திரட்டிய லாசருடைய குழுவில் ஒன்பது பேர், கருத்து பதினொன்று. புதன்கிழமை காலைக்குள் என் கைப்பேசியில் எல்லாம் வந்து விழுந்தன. பேராயர் ஒருவருடைய படத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துக் குஞ்சம் இருக்கிறதே, எங்கள் ஆளுக்கு மட்டும் ஏன் ஆறு? நாற்பது குடும்பம் பணம் போட்டிருக்கிறது, நாலு குஞ்சம் கூட வைத்தால் மரம் குறைந்துவிடுமா? மங்குக்குப் பொன் விளிம்பு வைத்தால் எடுப்பாக இருக்குமே?

குஞ்சம் அலங்காரம் இல்லை, பதவி. ஆறு என்றால் ஆயர், பத்து என்றால் பேராயர். போலீஸ்காரர் சட்டைக் கையில் பாசத்தினால் ஒரு பட்டையைக் கூடுதலாகத் தைத்துவிட்டால் மாட்டிக்கொள்வது அவர்தான். பொன் விளிம்பும் அப்படியே. இலச்சினைக் கலையில் பொன்னும் வெள்ளையும் உலோகம், மற்றவை வண்ணம். உலோகத்தின்மேல் உலோகம் வைக்கக் கூடாது, வண்ணத்தின்மேல் வண்ணம் வைக்கக் கூடாது. கோட்பாடு ஒன்றும் பெரிதில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். இதை ஒன்பது பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். எட்டாவது ஆளிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

லாசர் குஞ்சத்தை விட்டுக்கொடுத்தார். "சரி லா, ஆறே இருக்கட்டும். பேராயர் ஆனா நாலு ஒட்ட வாரேன். எடம் மட்டும் விட்டு வைங்க," என்றார். சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அவர் போயிருக்கலாம்.

போகவில்லை. படத்தில் மங்கின்மேல் விரலை வைத்தார். இதை நிமிர்த்திவிடுங்கள் என்றார்.

ஒப்புதல் வாங்கிய படத்தில் கை வைக்க முடியாது என்றேன். பார்க்கிறவன் மணி என்று நினைப்பான் என்றார். அதை என்னால் மறுக்க முடியவில்லை. தவுக்கே அதை முதலில் பார்த்தபோது மணியா என்றுதான் கேட்டார். ஆனால் லாசருடைய உண்மையான காரணம் அது இல்லை.

"அண்ணே, கவுத்த மங்குன்னா என்னான்னு ஒங்களுக்குத் தெரியாது. மழ பெஞ்சா மரம் வெட்ட முடியாது. மங்கக் கவுத்துட்டு வூட்டுக்கு வந்து குந்திக்கணும். அன்னைக்கு கூலி இல்ல. ஒலைல அரிசி இல்ல. நீங்க கிராணி வூட்டுப் புள்ள. ஒங்கப்பாவுக்கு மழ பெஞ்சாலும் மாசச் சம்பளம்."

என் அப்பா வேறொரு தோட்டத்தில் கிராணி. அலுவலகத்தில் உட்கார்ந்து பேர் போடுகிறவர். லாசர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

"எங்க ஆளு பிஷப் ஆகிறாரு. ஊரே வந்து பாக்கும். அதுல போயி பட்டினிய எழுதி மாட்டச் சொல்றீங்களா?"

ஃபாதரையே கேட்டுவிடலாம் என்றேன். அவர் பதவியேற்புக்கு முந்தைய மௌனத் தியானத்தில் இருந்தார். பூசை நாள்வரை கைப்பேசி கிடையாது. அவருடைய அலுவலகத்துக்கு அழைத்தேன். படம் ஒப்புதல் ஆனது, அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். லாசர் தவுக்கேயிடம் போனார். தவுக்கே என்னிடம் வந்தார். பணம் கொடுப்பவன் நிமிர்த்தச் சொன்னால் நிமிர்த்து, இல்லாவிட்டால் அவர் போக தைப்பிங்கில் வேறு கடை இல்லையா என்று மலாயில் சொல்லிவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நிற்கும் நாள் உங்களுக்கும் வரும். பணம் ஒருவருடையது, சின்னம் வேறொருவருடையது. இரண்டு வழிதான் உண்டு. சின்னத்துக்கு உரியவர் பக்கம் நின்று வேலையைத் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது பணம் கொடுத்தவர் சொன்னபடி செய்துவிட்டு, யார் மாற்றச் சொன்னார் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். நான் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். மெனக்கெட்டுக் கண்டுபிடித்தேன்.

லாசரிடம் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மங்கைத் தனித் துண்டாகச் செதுக்கினேன். திருகாணி போடாமல், பின்பக்கத்தில் நடுவே ஒரே ஒரு மர ஆணி வைத்துக் கேடயத்தின் துளையில் இறுக்கிச் செருகினேன். லாசருக்கு நிமிர்ந்து நிற்கும். பூசை முடிந்து ஃபாதர் தனியாக இருக்கும்போது காதில் சொன்னால், அவரே ஒரு கையால் திருப்பிக்கொள்ளலாம். லாசருக்குத் தெரியவே வேண்டாம். மங்கில் பால் நிறைந்திருக்க வேண்டும், ஒரு சொட்டு தொங்க வேண்டும் என்று அவர் கேட்டார். பக்கவாட்டில் பார்த்தால் மங்குக்குள் இருக்கும் பால் தெரியாது என்று சொல்லி அதையும் தட்டிக் கழித்தேன். திருப்பினால் பால் தலைகீழாகிவிடும் என்பதுதான் காரணம்.

தீபாவளி அன்று குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வந்தவர்களுக்கு முறுக்கு வைக்கும் மேசையில் ஓர் ஆயரின் கேடயம் மல்லாந்து கிடந்தது. சாயம் காய இரண்டு மின்விசிறி அதற்கு. வந்தவர்களுக்கு ஒன்று. என் மனைவி ஒவ்வொரு விருந்தாளியிடமும், அதன்மேல் தட்டு வைத்துவிடாதீர்கள், அது மாதா கோயில் சாமான் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மங்கை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மழை ஈரத்தில் ஊதிய மரம் எப்படி அசையும்? அதை யோசிக்க வேண்டியவன் நான்தான்.

பதினெட்டாம் தேதி மாலை பங்குக் கோயில் நிறைந்துவிட்டது. கேடயத்தைப் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் துணி போட்டு நிறுத்தினோம். படம் நன்றாக விழ வேண்டும் என்று புகைப்படக்காரர் இரண்டு பெரிய விளக்குகளை அதன் முகத்துக்கு நேரே வைத்தார். எனக்கு மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். நெற்றியில் விபூதியோடு இருந்தவன் நான் ஒருவன்தான்.

பூசைத் தொடக்கத்தில் ஃபாதர் வந்து துணியை விலக்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மெலிந்த மனிதர். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்த கண் மங்கில் நின்றது. அவர் கேடயத்தின் விளிம்பை ஒருமுறை தொட்டுவிட்டுப் பீடத்துக்குப் போனார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பூசை ஒன்றே கால் மணி நேரம். விளக்கு இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன. பாடகர் குழுவின் ஒலிபெருக்கி தாங்கிக்குப் பின்னால்தான் இருந்தது. ஒவ்வொரு தாளத்துக்கும் தரை அதிர்ந்தது. இறுதி ஆசீருக்கு முன் லாசர் நன்றியுரை சொல்ல ஒலிவாங்கிக்கு வந்தார். புதுச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. இலச்சினையை ஒவ்வொன்றாக விளக்கினார், நான் சொல்லிக் கொடுத்தபடியே. குஞ்சம் ஆறு ஏன், சிலுவைக்கு ஒரே குறுக்குச் சட்டம் ஏன், நட்சத்திரம் யாருக்கு. தப்பே இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது மங்கு சற்றுச் சாய்ந்திருப்பதைப் பார்த்தேன்.

மங்குக்கு வாய்ப் பக்கம் அகலம், கனம் அங்கேதான். நிமிர்த்தி வைத்தால் கனம் மேலே. அதைத் தாங்கிக்கொண்டிருந்தது ஈரத்தில் ஊதிய ஒரே ஒரு மர ஆணி. விளக்குச் சூட்டில் அது உலர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து நான் செய்யக் கூடியது எதுவும் இல்லை.

"கடைசியா நம்ம மங்கு," என்றார் லாசர். "நிமிந்து நிக்கிது பாருங்க. இனிமே நம்மள யாரும் கவுக்க முடியாது."

அவர் முதுகுக்குப் பின்னால் மங்கு மெதுவாகச் சரிந்து, அரைச் சுற்றுச் சுற்றி, இரண்டு முறை ஊசலாடி, வாய் கீழே பார்க்க நின்றது.

முதலில் ஒரு பெண் 'ஏசுவே' என்றார். பிறகு கோயில் முழுவதும். முன் வரிசையில் சிலர் முழங்காலில் விழுந்தார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு லாசர் திரும்பினார். கவிழ்ந்த மங்கைப் பார்த்தார். அவருடைய கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு மிகவும் மெதுவாக, "நான்தான் நிமித்தச் சொன்னேன். ஆண்டவரே, என்ன மன்னிச்சிரு," என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. கடைக்கு நல்ல பெயர் வந்திருக்கும். அதிசயக் கேடயம் செய்த கடை என்று தவுக்கே பலகையே மாட்டியிருப்பார். வேற்று மதத்தார் கோயிலில், பூசைக்கு நடுவில், எழுந்து பேச நான் யார் என்றும் தோன்றியது. ஆனால் அந்த ஆள் அங்கே நிற்கிறார். இனி சாகும்வரை, நாற்பது குடும்பத்துக்கு முன்னால் கடவுள் தன்னை மறுத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். மறுத்தது ஒரு மர ஆணி.

எழுந்து நின்றேன். "அதிசயம் ஒன்றும் இல்லை. அது நான் வைத்த ஆணி. ஒற்றை ஆணி. திருப்பிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று வைத்தேன். விளக்குச் சூட்டில் தளர்ந்துவிட்டது," என்றேன். பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். மறுபடியும் முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் சிரித்தவர் ஃபாதர். அவர் சிரித்த பிறகு கோயில் சிரித்தது. லாசர் சிரிக்கவில்லை.

ஃபாதர் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார். ஒலிவாங்கியை யாரும் அணைக்கவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

"லாசர் அண்ணே, மழைக்குன்னு நெனச்சீங்களா? அது மழைக்கு இல்ல. தோட்டத்த வித்த கடைசி நாள், எங்கம்மா பால் எடுத்து முடிச்சிட்டு, நெர பூரா, அத்தன மரத்துலயும், ஒவ்வொரு மங்கா தொடச்சுக் கவுத்து வெச்சிட்டு வந்தாங்க. நாளைக்கு வர்ற ஆளுக்கு சுத்தமா இருக்கணுமாம். நாளைக்கு யாரும் வரப்போறதில்லன்னு அவங்களுக்கும் தெரியும்."

லாசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மாவுக்குப் பக்கத்து நெர, ஃபாதர். அவங்க கவுக்கல. ஒண்ணுகூடக் கவுக்கல. பாலோட அப்படியே வுட்டுட்டு வந்தாங்க. வெட்டுன வரைக்கும் எங்க ஒழப்பு, யாருக்கு வேணுமோ வந்து எடுத்துக்கட்டும்னு சொன்னாங்க."

ஃபாதர் கேடயத்தின் பக்கம் திரும்பினார். "அது உங்கம்மா மங்கு," என்றார். "இது எங்கம்மாது."

அவ்வளவுதான். இறுதி ஆசீர் கொடுத்து முடித்தார்.

கூட்டம் கலைந்து கூடாரத்தில் பிரியாணி பரிமாறத் தொடங்கியபோது, லாசர் எங்கிருந்தோ திருகாணியும் முடுக்கியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மங்கைக் கவிழ்ந்தபடியே பிடித்துக்கொண்டார். நான் முடுக்கினேன், இரண்டு திருகாணி. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன் லா, அண்ணே. தைப்பிங் போயிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். நீங்க தலைய ஆட்டிட்டுப் பின்னால ஆணி வெச்சிருக்கீங்க. எங்கம்மா சொல்லும், கிராணி ஏட்டுல ஒண்ணு எழுதுவாரு, வாய்ல ஒண்ணு சொல்லுவாருன்னு."

முடுக்கியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். பிரியாணி சாப்பிடவில்லை.

இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. குழுமேல், தவுக்கேமேல், மழைமேல், எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஆணிமேல். ஒரு சின்னத்துக்கு எது முன், எது பின், எது மேல், எது கீழ் என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. அந்த முடிவை எடுக்க வேண்டியவர்களிடமிருந்து அதை ஒளித்து வைப்பதும் நம் வேலை இல்லை. இரண்டு பக்கமும் திரும்புகிற மாதிரி ஒன்றைச் செய்தால் இரண்டு பேருக்கும் நல்லவனாகலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால், அதைத் தாங்கப்போவது எத்தனை ஆணி என்று எண்ணிப் பாருங்கள்.

ஜனவரியில் ஒரு காலை, லாசர் குனோங் ராபாட்டுக்கு வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவருடைய அம்மா கல்லறையில் பெயர் அழிந்துவிட்டதாம், புதிய கல் வைக்க வேண்டுமாம். கல்லில் ஒரு மங்கு வேண்டும் என்றார்.

"எந்தப் பக்கம் பார்த்து?" என்று கேட்டேன். முதல் முறையாகக் கேட்டேன்.

"நிமிந்து," என்றார். பிறகு, "இந்தத் தடவ ரெண்டு ஆணி போடுங்க," என்றார்.

போட்டேன். பங்குக் கோயில் கல்லறையில் நானே போய் நிறுத்திவிட்டு வந்தேன். அவர் பணத்தை நீட்டினார், வாங்கவில்லை. திரும்பும் வழியில் பீடோரில் தேநீர் குடித்தோம், அதற்கு அவர் கொடுத்தார். என் கைச் செலவு: கறுப்புக் கல் நூற்று எண்பது, வெண்கல மங்கு வார்த்தது தொண்ணூற்றைந்து, வண்டி எண்ணெயும் சாலைச் சுங்கமும் முப்பத்தெட்டு, திருகாணி இரண்டுக்கு ஒரு ரிங்கிட் இருபது சென். மொத்தம் முந்நூற்றுப் பதினான்கு ரிங்கிட் இருபது சென்.